பத்தடி ஊர்க்காரி

அந்த முகாமில் மாதா மாதம் செக்கிங் நடக்கும். இலங்கையிலிருந்து வந்த அகதிகள் அத்தனை பேரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் ஒருத்தரும் வாசலைத் தாண்ட முடியாது. புதிதாக வந்த அதிகாரி, தவமலர் வாயைத் திறந்ததுமே பேனாவை மூடிவிட்டார்.

"நம்ம ஊர்ப் பேச்சுல்ல பேசுறே? யாரை ஏமாத்துறே? இலங்கைக்காரின்னா அந்த ஊர் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டா. இல்லேன்னா பேரை அடிச்சிடுவேன்."

நாலு வயதில் படகில் தூக்கி வரப்பட்டவள் பத்திரத்துக்கு எங்கே போவாள்? ஒரு கும்பிடு போட்டாள்.

"நீங்க சொன்னா சரிதான் சார். நான் இந்த ஊர்க்காரிதான்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"ஏய், கையெழுத்துப் போடாம எங்க போறே?"

"இந்த ஊர்க்காரிக்கு எதுக்கு சார் கையெழுத்து?"

வரிசையே சிரித்தது. ஓர் ஆள் குறைந்தாலும் மேலிடத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"நீ அகதிதான்மா! அகதியேதான்! வந்து போட்டுத் தொலை!" என்று கத்தினார்.

ஜெயித்தவள் திரும்பி வந்தாள். ஆனால் மெதுவாக வந்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் ஓர் ஊருக்குச் சொந்தக்காரியாக நடந்தது அந்தப் பத்தடிதான்.