மூக்கில் இலை உள்ளவை

நடந்ததோ இல்லையோ, நடந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மலையடிவாரத்தில் ஒரு வௌவால் ஆய்வகம். அங்கே அல்போன்சாள் டீச்சர். அவரிடம் படிக்க வந்தவர் இசக்கியப்பன். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டவர். டீச்சரைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

"பதினோரு மாசமாச்சு டீச்சர். என்னை எப்போ குகைக்குக் கூட்டிட்டுப் போவீங்க?"

"வௌவால் டிராயர் நீங்க அடுக்கிச் சரியா இருக்கிற அன்னைக்கு, அண்ணாச்சி."

"இன்னைக்குச் சரியா இருக்கு. பாருங்க."

இழுத்துக் காட்டினார். பாடம் பண்ணிய வௌவால்கள். மூக்கின் மேல் இலை மாதிரி தோல் மடிப்பு உள்ளவை எல்லாம் ஒரே வரிசை.

டீச்சர் அமெரிக்காவிலிருந்து வந்த இலைமூக்கு வௌவாலை எடுத்தார். கூரை இடுக்கில் தொங்கும் சின்ன வௌவால்களோடு வேறு டிராயரில் வைத்தார்.

"அதுக்கும் இலை இருக்கே."

"இருக்கு. அந்த இலை தனியா முளைச்சது, சொந்தத்துல வந்ததில்லை."

பிறகு மேல் தட்டிலிருந்து ஒரு பழந்தின்னி வௌவாலை இறக்கினார். நாய் முகம், பெரிய உடம்பு. "ரெண்டும் சொந்தம்" என்று நம்மூர் இலைமூக்கை ஒட்டிப் படுக்கவைத்தார்.

இசக்கியப்பன் சிரித்துவிட்டார்.

"பந்தி மாறி உட்கார்ந்த மாதிரி இருக்கு டீச்சர். இதுக்கு மூக்குல ஒண்ணுமே கிடையாது."

"கிடையாது."

"இலைமூக்கு சத்தம் போட்டு, எதிரொலி கேட்டு வழி கண்டுபிடிக்கும். இது கண்ணால பார்க்கும். அதுக்குப் பூச்சி, இதுக்குக் கொய்யாப்பழம்."

"ஆமா."

"பின்னே எப்படிச் சொந்தம்?"

"மரபணுவைப் பார்த்தவங்க அப்படித்தான் சொல்றாங்க. முப்பது வருஷமும் கவரோட நிறத்தைப் பார்த்தா கடிதம் பிரிச்சீங்க?"

இசக்கியப்பன் டிராயர் பக்கம் திரும்பினார். நாளையை விட்டால், மழைக்காலம் முடிந்துதான் குகைக்குப் போக முடியும்.

"நீங்களே அடுக்கி வைங்க. சாயங்காலம் வந்து பார்க்கிறேன்" என்றார் டீச்சர்.

சாயங்காலம் வந்தார். அமெரிக்க வௌவால் அவர் வைத்த டிராயரிலேயே இருந்தது. பழந்தின்னியும் இலைமூக்கும் ஒரே டிராயரில். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு வௌவால் படுக்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

"இது யாருக்கு?"

"ரெண்டுக்கும் பாட்டனா மூத்தது ஒண்ணு இருந்திருக்கும்ல. அதுக்கு."

"அதுக்கு மூக்குல இலை இருந்துச்சா?"

"தெரியலை டீச்சர்."

"எதிரொலி கேட்டுப் பறந்துச்சா?"

"அதுவும் தெரியலை."

டீச்சர் டிராயரை மெல்லத் தள்ளி மூடினார்.

"டிராயர் சரியா இருக்கு. காலையில ஆறு மணிக்கு ஜீப்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இசக்கியப்பனும் கதவைப் பூட்டிவிட்டுப் போனார்.