டவர்காரருக்கு ஒரு வெற்றிலை

மடியில் முறம், முறத்தில் கொள்ளு. கல் பொறுக்கிக்கொண்டேதான் இந்தக் கதையைச் சொல்கிறேன். அந்தக் காலத்து அரண்மனையில் கைபேசி ஏது என்று கேட்காதீர்கள். இந்த அரண்மனையில் இருந்தது, அவ்வளவுதான்.

உக்கிரசிங்க மகாராஜாவின் சபையில் வெற்றிலை மடித்துக் கொடுக்கிறவள் வடிவு. இடுப்பில் பத்து மாதக் கைக்குழந்தை, கையில் சுண்ணாம்பு டப்பி. நாலு பேர் முன்னால் பேசவே கூசுவாள். ஆனால் அவள் வாயைத் திறந்தால் மந்திரிகள் மூடிக்கொள்வார்கள்.

அவள் புருஷன் சுடலைமுத்து தூரத்து உப்பளத்தில் காவல்காரன். போகும்போது ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போனான். "பிள்ளை முதல் வார்த்தை பேசுறப்போ கைபேசியில என்னைக் கூப்பிட்டுரு புள்ள. அதை மட்டும் நான் கேட்டே ஆகணும்."

பிள்ளையும் மூன்று நாளாக உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்க்கிறான். இன்றோ நாளையோ பேசிவிடுவான்.

அந்த நேரம் பார்த்துத்தான் தாண்டவராயர் கிளம்பினார். நாட்டில் இருந்த ஒரே டவர் அவருடையது. "டவர் என்னுடையது. கைபேசிக்குள்ளே எது வரலாம், எது போகலாம் என்பதும் என் இஷ்டம்" என்று மூன்று நாள் வெள்ளோட்டம் விட்டார். ரசம் வைப்பது எப்படி என்று தேடினால் அவர் கடைப் புளி வந்து நின்றது. செய்தி வந்தால் அனுப்பியது யார் என்று தெரியாது. 'தாண்டவராயர் வழங்குவது' என்று மட்டும் தலையில் இருக்கும். ராணியின் செய்தியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் ஆட்கள் பிரித்துப் பார்த்தார்கள். ராணியிடம் மட்டும் பயம்.

வடிவு குழந்தையின் படத்தைப் புருஷனுக்கு அனுப்பினாள். டவர் ஆட்கள் அதை நிறுத்திவிட்டு, கைவசம் இருந்த வேறொரு குழந்தையின் படத்தை அனுப்பிவிட்டார்கள்.

சுடலைமுத்து பதறிப்போய்க் கூப்பிட்டான். "ஏ புள்ள, நம்ம பயலுக்கு மூணே நாளுல எட்டுப் பல்லு முளைச்சிருச்சா?"

"ஐயோ, அது தாண்டவராயர் பேரனுங்க. எல்லாருக்கும் அவன் படந்தான் வருது..." என்று அவள் சொல்வதற்குள், "குடும்பப் பேச்சுக்கு இன்னும் அனுமதி வரவில்லை" என்று ஒரு குரல் நடுவே புகுந்து வெட்டிவிட்டது.

இந்த உரிமையைத் தாண்டவராயருக்கு நிரந்தரமாகவே கொடுக்க ராஜா நாள் குறித்துவிட்டார். அந்த ஊரில் ஒப்பந்தம் எழுதுகிற வழக்கம் இல்லை. சபையில் எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். சொன்ன வாயில் ராஜாவின் வெற்றிலை விழுந்துவிட்டால், கடைசியாகச் சொன்னதுதான் சட்டம். அப்புறம் அந்த ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது.

ராஜா ஏன் சம்மதித்தார் என்றால், அவருக்கு ஒரு பயம். "எல்லாருக்கும் திறந்து விட்டால் கண்டவன் கண்டதை எழுதுவானே! என் மீசையைப் பற்றி எழுதினால்?" ராஜாவின் மீசை ரொம்ப மெல்லிசு. பார்த்தும் பார்க்காத மாதிரிதான் எல்லாரும் இருப்பார்கள்.

குறித்த நாள் காலையில் ராணி பூரணவல்லிக்கு வெற்றிலை கொடுக்கப் போன வடிவு, காதில் ஏதோ சொன்னாள். ராணி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். குழந்தை அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சபை கூடியது. தாண்டவராயர் தொண்டையைச் செருமினார்.

"மகாராஜா, டவர் வழியாகப் போவதெல்லாம் என்னுடையது! என் அனுமதி இல்லாமல் ஒரு தும்மல்கூட உள்ளே வராது!"

"பலே! வடிவு, வெற்றிலையைக் கொடு."

"சுண்ணாம்பு கெட்டியாயிருச்சுங்க மகாராஜா. குழைச்சுத் தர்றேன்" என்று வடிவு நிதானமாகக் குழைத்தாள்.

டிங் என்றது ராஜாவின் கைபேசி. ராஜா உரக்கவே படித்தார். "தாண்டவராயர் வழங்குவது: ராஜா மீசை எலிவாலு."

ராஜாவின் கை மீசைக்குப் போனது. மறு கை வாளுக்குப் போனது.

"ஓய் தாண்டவராயரே!"

"ஐயோ! நான் இல்லை!"

வடிவு தலையைக் குனிந்தபடியே கேட்டாள். "உங்க அனுமதி இல்லாம தும்மல்கூட வராதுன்னீங்களே ஐயா? அப்போ எலிவாலு மட்டும் எப்படி வந்துச்சு?"

"அது... எவனோ அனுப்பியிருப்பான் தாயே!"

"போறதெல்லாம் உங்களுதுன்னீங்க. பேரும் உங்களுதுதான் போட்டிருக்கு."

வாள் பாதி உருவியாகிவிட்டது. தாண்டவராயர் தடாலென்று தரையில் விழுந்தார். "மகாராஜா! நான் வெறும் சுமைகூலி! கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு சரி! உள்ளே இருப்பது அனுப்பினவருடையது, வாங்கினவருடையது! அதைப் பிரிக்கவும் தடுக்கவும் எனக்கு ஒரு உரிமையும் கிடையாது! இல்லவே இல்லை, ஆ..."

ஆவென்று திறந்த வாயில் வடிவு வெற்றிலையை வைத்துவிட்டாள்.

தாண்டவராயர் திருதிருவென்று விழித்தார். ராஜாவின் வெற்றிலையைத் துப்பினால் தலை போகும். மென்றார். கண்ணில் நீர் வர மென்றார். கடைசியாகச் சொன்னது சட்டமாகிவிட்டது.

டவர் பூட்டெல்லாம் அவிழ்ந்தது. ராஜாவின் கைபேசியில் தாண்டவராயர் பெயர் மறைந்து, அனுப்பியவர் பெயர் தெரிந்தது. பூரணவல்லி.

"ராணி! நீயா?"

"பன்னிரண்டு வருஷமாச் சொல்ல நினைச்சதுங்க" என்றது திரைக்குப் பின்னால் ஒரு குரல்.

ராஜாவுக்கு வாளை உறையில் போடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. "பார்த்தாயா வடிவு? திறந்து விட்டால் இப்படித்தான் கேலி பண்ணுவார்கள்!"

"பண்ணத்தான் பண்ணுவாங்க மகாராஜா. ஆனா பண்ணினது யாருன்னு தெரியும். நீங்களும் திருப்பிப் பண்ணலாம்."

ராஜா யோசித்தார். ராணியின் குறட்டை ஞாபகம் வந்தது. முகம் கொஞ்சம் மலர்ந்தது.

வடிவு அதற்குள் உப்பளத்தைக் கூப்பிட்டுவிட்டாள். கைபேசியில் சுடலைமுத்துவின் முகம். பிள்ளை அப்பாவைப் பார்த்தான். ராஜாவை நிமிர்ந்து பார்த்தான். உதட்டைக் குவித்தான்.

"எயி... வாயு!"

"பேசிட்டான்! எம்மவன் பேசிட்டான்!" என்று உப்பளத்திலிருந்து ஒரு கூப்பாடு.

ராஜா மெதுவாகத் திரும்பினார். "தாண்டவராயரே, இது யாருடையது?"

வாய் நிறைய வெற்றிலையோடு தாண்டவராயர், 'எனக்குச் சம்பந்தமே இல்லை' என்று இரண்டு கையையும் விரித்தார்.

ராஜா சிரித்தார் பாருங்கள், மீசையின் இரண்டு நுனியும் ஆட ஆடச் சிரித்தார். "வடிவு, உன் மகனுக்கு நான் தரப்போகிற பரிசு என்ன தெரியுமா? இன்று முதல் அவனுக்கு ஒரு" ...இந்தா வந்துட்டேன் அத்தே, பிள்ளை எழுந்துட்டானா, கொள்ளு பொறுக்க இன்னும் ஒரு கைதான் பாக்கி