சிவப்புக் கோடு இல்லாத சீட்டு

ஓர் ஊரின் அரசு மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனை அறையில் மெகராஜ் வேலை பார்த்தாள். வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்க வந்தவர் வெள்ளத்துரை. வயது நாற்பத்தாறு. பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு, ஊருக்கு வந்து பரீட்சை எழுதி, பயிற்சிக்குச் சேர்ந்திருந்தார்.

அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். யார் குரு என்பதில் இரண்டு பேருக்கும் குழப்பம் இல்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் டெங்குக் காய்ச்சலும் கூடவே வந்தது. மேசை நிறைய ரத்தக் குழாய்கள். முடிவு எழுதும் சீட்டில் ஒவ்வொன்றுக்கும் நேராக, சாதாரணமாக எவ்வளவு இருக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கும். அதற்குள் அடங்காத எண்ணுக்கு அடியில் சிவப்புக் கோடு போட வேண்டும். வெள்ளத்துரை அதை ஸ்கேல் வைத்துப் போடுவார்.

ஒரு நாள் அவர் கேட்டார். "மேடம், இத்தனை எண் எழுதுதோம். எந்த எண்ணைப் பார்த்தா பயப்படணும்?"

மெகராஜ் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வீட்ல மதினி எப்படி இருந்தா நீங்க பயப்படுவீங்க?"

"அவ சத்தம் போட்டா பயம் இல்லை மேடம். பேசாம இருந்தாத்தான் பயம்."

"பக்கத்து வீட்டு அக்கா பேசாம இருந்தா?"

"அது அவங்க சுபாவம். அவங்க பேசினாத்தான் நாங்க எட்டிப் பார்ப்போம்."

"அவ்வளவுதான் அண்ணே. வேலையைப் பாருங்க."

மேடம் தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்து வெள்ளத்துரை சிரித்தார். சிரித்துவிட்டு ஸ்கேலை எடுத்தார்.

வியாழக்கிழமை காலை மெகராஜ் ரத்தம் எடுக்க வார்டுக்குப் போயிருந்தாள். ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. பதினான்காம் படுக்கை இசக்கியம்மாளின் கணவன், கோமதிநாயகம். கையில் பை கட்டித் தயாராக இருந்தது.

"அண்ணாச்சி, இசக்கிக்கு என்ன வந்திருக்கு?"

வெள்ளத்துரை சீட்டைப் பார்த்தார். பிளேட்லெட் எழுபதாயிரம். அதற்கு மட்டும் சிவப்புக் கோடு. ஹீமோகுளோபின் பன்னிரண்டரை, கோடு இல்லை. ரத்தத்தில் சிவப்பணு எத்தனை பங்கு என்று பார்க்கும் பி.சி.வி. முப்பத்தெட்டு, அதற்கும் கோடு இல்லை.

"நேத்து மூணு கோடு இருந்துச்சு. இன்னிக்கு ஒண்ணுதான்."

"பிளேட்லெட்டை விடுங்க. பக்கத்துக் கட்டில்ல இருபதாயிரம் இருந்தவரே நடந்து போயிட்டார். ரத்தம் எவ்வளவு?"

"நேத்து பத்து. இன்னிக்குப் பன்னிரண்டரை."

கோமதிநாயகத்துக்கு வாயெல்லாம் பல். "மாதுளம்பழம் அண்ணாச்சி! நாலு நாளா பிழிஞ்சு பிழிஞ்சு கொடுத்தேன். காய்ச்சலும் விடியக்காலமே விட்டுட்டு. எட்டு மாசக் கைப்பிள்ளை அங்க தாய்ப்பால் இல்லாம கத்துது. பதினொன்னேகால் பஸ்ஸுக்குக் கிளம்புதோம்."

"டாக்டர் போகச் சொல்லிட்டாரா?"

"வெளிநோயாளியைப் பார்த்துட்டு வருவாராம். அதுக்குள்ள பஸ் போயிரும். நீங்க சொன்னதே போதும்."

வெள்ளத்துரைக்கும் சந்தோஷம். பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லி அனுப்பினார்.

மெகராஜ் வந்தபோது மணி பதினொன்று. பதிவேட்டைப் புரட்டினாள். இசக்கியம்மாள் பெயரில் நேற்றைய வரியில் ஒரு விரல் வைத்தாள். இன்றைய வரியில் ஒரு விரல் வைத்தாள்.

"அண்ணே, இந்தப் பொண்ணு எங்க?"

"வீட்டுக்கு, மேடம். ரத்தம் நல்லா ஏறிட்டு."

மெகராஜ் வார்டுக்குப் போன் செய்தாள். கட்டில் காலி என்றார்கள்.

"அண்ணே, பட்டாளத்துல ஓடியிருக்கீங்கள்லா?"

"ஓடியிருக்கேன்."

"பஸ் ஸ்டாப்புக்கு ஓடுங்க. பஸ்ஸுக்கு முன்னாடி போகணும்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஓடினார்.

இசக்கியம்மாள் நிழற்குடையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றைப் பிடித்திருந்தாள். வெள்ளத்துரை அவள் கையைத் தொட்டார். மழையில் நனைந்த கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. பஸ் வந்து நின்றது. அவர் கோமதிநாயகத்தை ஏறவிடாமல் கையை விரித்து நின்று, பின்னால் வந்த ஆட்டோவில் இரண்டு பேரையும் ஏற்றினார்.

வார்டில் டாக்டர் நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். உடனே கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏறியது. மணிக்கு இவ்வளவு என்று கணக்காக ஏற்றச் சொன்னார்.

அரை மணி நேரத்தில் கோமதிநாயகம் பரிசோதனை அறைக்கு வந்தான். முகம் சிவந்திருந்தது.

"காலையில ரத்தம் கூடிட்டுன்னு சொன்னீக. காய்ச்சலும் இல்லை. இப்போ ஆபத்துங்கீக. எதைய்யா நான் நம்ப?"

வெள்ளத்துரை கையிலிருந்த ஸ்கேலை மேசையில் வைத்தார்.

மெகராஜ் எடுத்து வைத்திருந்த நேற்றைய ரத்தத்தை ஊசி போல மெல்லிய ஒரு கண்ணாடிக் குழாயில் ஏற்றினாள். இன்றைய ரத்தத்தை இன்னொன்றில் ஏற்றினாள். இரண்டையும் இயந்திரத்தில் வைத்துச் சுற்ற விட்டாள். சுற்றுகிற நேரத்தில் அவனிடம் கேட்டாள்.

"சுண்டிப்போன குழம்பு சாப்பிட்டிருக்கீங்களா?"

"நான் வைக்கதே அப்படித்தான்."

"எப்படி இருக்கும்?"

"வாயில வைக்க முடியாது. ஒரே உப்பு."

"இறக்கும்போது கூட ஒரு கை உப்பு போடுவீங்களோ?"

"ஏன் போடுதேன்? உப்பு போட்டது போட்டதுதான். தண்ணிதானே வத்திருது."

இயந்திரம் நின்றது. மெகராஜ் இரண்டு குழாய்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். அடியில் சிவப்பு, மேலே மஞ்சள் தண்ணீர். நேற்றைய குழாயில் தண்ணீர் நிறைய இருந்தது. இன்றையதில் குறைந்திருந்தது.

கோமதிநாயகம் ரொம்ப நேரம் பார்த்தான். கோபம் இறங்கிவிட்டது.

"தண்ணி எங்க போச்சு?"

"உடம்புக்குள்ள ரத்தக் குழாயிலேருந்து கசிஞ்சு வயித்துல நிக்கும். இந்தக் காய்ச்சல்ல சிலருக்குக் காய்ச்சல் விடுத நேரத்துலதான் அப்படி ஆகும்."

"அப்போ மாதுளம்பழம்?"

"அது ஒண்ணும் பண்ணலை. மிச்சம் இருந்தா நீங்க சாப்பிடுங்க. காலையிலேருந்து நீங்க எதுவும் சாப்பிடலை போலிருக்கு."

அவன் போன பிறகு வெள்ளத்துரை வாயைத் திறந்தார். "மேடம், எல்லாம் அச்சடிச்ச அளவுக்குள்ளதான் இருந்துச்சு."

"யாரோட அளவு அண்ணே?"

அவர் பதிவேட்டை எடுத்து, இசக்கியம்மாள் சேர்ந்த நாளிலிருந்து பி.சி.வி.யை ஒவ்வொரு வரியாகப் படித்தார். முப்பது. முப்பது. முப்பது. முப்பத்தெட்டு.

அன்றைக்கு அவளுக்குத் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் குழாயை வெள்ளத்துரையே போய் வாங்கி வந்தார். முப்பத்தேழு. முப்பத்தைந்து. டாக்டர் டிரிப்ஸைக் குறைத்தார். மறுநாள் முப்பத்திரண்டு. டிரிப்ஸ் நின்றது.

சனிக்கிழமை காலை கோமதிநாயகம் ஜன்னலுக்கு வந்தான். இந்தத் தடவை கையில் பை இல்லை. இசக்கி நாலு இட்லி தின்றுவிட்டாள், சிறுநீர் நன்றாகப் போகிறது, வயிற்று வலி இல்லை, டாக்டர் கடைசி ரத்த முடிவுக்காகக் காத்திருக்கிறார் என்று சொன்னான். சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வெள்ளத்துரை எழுதினார். பிளேட்லெட் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ஹீமோகுளோபின் பத்து. பி.சி.வி. முப்பது.

அச்சடித்த அளவைப் பார்த்தார். மூன்றுமே வெளியே இருந்தன. ஸ்கேலை எடுத்தவர் கை நின்றது.

"மேடம், இது மூணுக்கும் சிவப்புக் கோடு வருதே. போடவா?"

"மறுபடியும் சிவப்பா?" என்றான் கோமதிநாயகம்.

மெகராஜ் எழுந்து வந்தாள். புதிய வரியில் ஒரு விரல் வைத்தாள். இசக்கி சேர்ந்த நாளின் வரியில் ஒரு விரல் வைத்தாள். இரண்டிலும் பி.சி.வி. முப்பது.

"போடுங்க அண்ணே. போட்டு டாக்டர்ட்ட காட்டிட்டு, பதினொன்னேகால் பஸ்ல ரெண்டு பேருக்கும் உட்கார இடம் பிடிச்சுக் கொடுங்க."