மன்னரை வார்த்த ஸ்தபதி

வல்லக்குறிச்சியில் அகோரம் என்று ஒரு ஸ்தபதி இருந்தார். முப்பது வருஷமாக வெண்கலத்தில் சாமி சிலை வார்த்தவர். சுற்றுவட்டாரக் கோயில்களில் பாதித் தெய்வங்கள் அவர் பட்டறையிலிருந்து எழுந்து போனவைதான். அந்த முப்பது வருஷமும் நிம்மதியாகவே போயிற்று. எந்த அம்மனும் வந்து, இடுப்பு கொஞ்சம் பெருத்துவிட்டதே என்று கேட்டதில்லை. எந்தப் பிள்ளையாரும் தொப்பையைக் குறைக்கச் சொன்னதில்லை.

அந்த நிம்மதி ஒரு சித்திரை மாதத்தில் முடிந்தது. மன்னர் வீரகங்கேயருக்குத் தம்மையே சிலையாகப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

அகோரத்தை அரண்மனைக்கு அழைத்து, சிம்மாசனத்தில் வீற்றிருக்கும் கோலத்தில் இரண்டு முழ உயரச் சிலை வேண்டும் என்றார். பக்கத்தில் நின்ற பிரதானி திருவம்பலம் தொண்டையைக் கனைத்தார். இந்த வேலையைத் தம் மைத்துனருக்கு வாங்கிக் கொடுக்க நினைத்திருந்தவர் அவர். மைத்துனர் வாழ்நாளில் ஒரே ஒரு கோயில் மணிதான் வார்த்திருந்தார். அதை அடித்தால் 'டொக்' என்று கேட்கும். அதனால் மன்னர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த எரிச்சலில் பிரதானி ஒரு நிபந்தனை வைத்தார். உயரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சிலை மன்னரைப் போலவே இருக்கவேண்டும். ஒரே ஒரு வித்தியாசம் தெரிந்தாலும் ஸ்தபதி குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகவேண்டும். மன்னருக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், அப்படியே ஆகட்டும் என்றுவிட்டார்.

அகோரத்தின் மனைவி கோமளம் அன்றைக்கே பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் மெழுகில் உரு செய்யவேண்டும். மன்னரோ ஒரு தட்டு அதிரசத்தோடு வந்து உட்கார்ந்தார். அகோரம் இடது கன்னத்தை மெழுகில் பிடித்து முடிப்பதற்குள் அதிரசம் வலது கன்னத்துக்குப் போய்விடும். வலது பக்கம் மெழுகைக் கூட்டினால் மன்னர் அதிரசத்தை விழுங்கிவிடுவார். மூன்றாம் நாள் ராணியாருக்குச் சொல்லி அனுப்பி, அவர் வந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகுதான் இரண்டு கன்னமும் ஒரே அளவில் நின்றன. தின்ன ஒன்றும் இல்லாமல் போனதும் மன்னர் தூங்கிவிட்டார். அகோரத்துக்கு அது வசதியாக இருந்தது.

மெழுகு உருவின்மேல் மண் பூசிக் காயவைத்தார். சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றினார். அந்த வெற்றிடத்தில் வெண்கலத்தைக் காய்ச்சி ஊற்றினார். ஆறியதும் மண்ணை உடைத்து, இரண்டு மாதம் உளியால் திருத்தினார். கழுத்து மரு, கால் கட்டைவிரல் வீக்கம், ஒரு பக்கம் தாழ்ந்த மீசை, எதையும் விடவில்லை.

சிலையை எட்டுப் பேர் சுமந்து கிளம்பினார்கள். ஸ்தபதிகள் தெருவுக்கும் அரண்மனைக்கும் நடுவே ஒரு வாய்க்கால். அதன் பாலம் இடிந்து கிடந்ததால் தண்ணீரில் இறங்கித்தான் போகவேண்டும். நடு வாய்க்காலில் ஒருவன் கால் வழுக்கியது. மன்னர் தொபீரென்று உள்ளே போனார். மீசையில் கயிறு கட்டித்தான் வெளியே இழுத்தார்கள். நல்லவேளை, மீசைக்கு ஒன்றும் ஆகவில்லை.

சபையில் சோதனை நடந்தது. அரண்மனை நாவிதர் நூல் பிடித்து இரண்டு மீசைகளையும் அளந்து, அளவுக்குத் தக்க அதே தாழ்வுதான் என்றார். வைத்தியர் சிலையின் கட்டைவிரலைத் தடவிப் பார்த்து, பழக்கதோஷத்தில் அதற்கும் சுக்குப் பற்றுப் போடச் சொன்னார். மன்னர் பூரித்துப்போனார்.

அப்போது பிரதானி மெதுவாக முன்னால் வந்தார்.

"நம் மன்னர் பேசுவார். இது பேசுமா?"

அகோரத்துக்கு வீட்டில் கட்டி வைத்திருந்த சாக்குகள்தான் கண்முன் வந்தன. செய்வதறியாமல் சிலையைப் பார்த்தார். அதன் காதிலிருந்து வாய்க்கால் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றவர், சிலையிடம் ஒரு விண்ணப்பம் வைக்க அனுமதி கேட்டார். மன்னர் தலையசைத்தார்.

அகோரம் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சிலைக்கு முன்னால் கைகூப்பினார்.

"மகாராஜா, எங்கள் தெரு வாய்க்கால் பாலம் இடிந்து மூன்று வருஷம் ஆகிறது. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குடத்தோடு நடக்கிறார்கள். இன்று தாங்களே அதில் முழுகி எழுந்தீர்கள். தயவுசெய்து பாலத்தைக் கட்டிக் கொடுக்கவேண்டும்."

சிலை பேசவில்லை. அகோரம் வெகுநேரம் காத்திருந்தார். பிறகு பணிவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பிரதானியிடம் திரும்பினார்.

"இதே விண்ணப்பத்தை நம் மன்னரிடம் நான்கு முறை வைத்திருக்கிறேன் ஐயா. நான்கு முறையும் இப்படியேதான் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை."

மன்னர் முகம் சிவந்து சிலையைப் பார்த்தார். சிலையும் அவரைப் பார்த்தது. கொஞ்ச நேரம் இரண்டு மன்னர்களுமே பேசவில்லை. திரைக்குப் பின்னால் ராணியார் களுக்கென்று சிரித்த சத்தம் கேட்டது. அதற்குமேல் மன்னராலும் அடக்க முடியவில்லை. கிரீடம் நழுவி மூக்கில் இறங்கும்வரை சிரித்தார். நாளைக் காலையே பாலத்துக்குக் கல் இறக்கவேண்டும் என்று பிரதானிக்கு உத்தரவிட்டார். தம் பட்டுச் சால்வையை எடுத்து ஸ்தபதிக்குப் போர்த்தினார்.

பிரதானி அப்போதும் விடவில்லை.

"மகாராஜா, தாங்கள் இப்போது பதில் சொல்லிவிட்டீர்கள். சிலை சொல்லவில்லை. ஆக, வித்தியாசம் வந்துவிட்டது."

மன்னர் ஸ்தபதியைப் பார்த்தார். அகோரம் சால்வையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"வந்துவிட்டது ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிலையைத் திருத்துவது மட்டும்தான் என் வேலை. மன்னர் தாமாகவே திருந்திவிட்டால் அதற்கு நான் என்ன செய்ய?"