மணல்மேட்டுக்கு வந்த மாற்றுக் காவல்

கடலோரமாக ஆழிமங்கலம் என்றொரு நாடு முன்னொரு காலத்தில் இருந்தது. அதைக் கம்பீரசிங்கன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறொரு புத்தி. அரண்மனையில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

கடலில் சூரியன் எழுவதைப் படுத்தபடியே பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை வந்தது. மளமளவென்று ஒரு மாடம் எழும்பியது. முதல் நாள் விடியலில் எட்டிப் பார்த்தால் கடலையே காணோம்! கரை நெடுக மணல்மேடு, அதன்மேல் அடப்பங்கொடி, தாழம்புதர். சூரியன் அந்தப் புதருக்குப் பின்னாலிருந்து தலைவாராத ஆளைப்போல எழுந்து வந்தது.

"என் கடலை என்னிடமிருந்தே மறைக்கிறதா ஒரு மணல் குவியல்?" என்று சபையில் சீறினார் ராஜா.

தளவாய் மாவலிராயர் துள்ளி எழுந்தார். படைக்குத் தலைவர் அவர். அமைச்சர் பெருஞ்சாத்தனின் பெயரைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரியும். "உத்தரவு கொடுங்கள், அரசே! மேட்டை வெட்டி எறிந்துவிட்டு இடுப்பளவில் கருங்கல் சுவர் கட்டுகிறேன். கடலும் தெரியும், கல்லில் தங்கள் பெயரும் தெரியும்!"

அந்த மேட்டுக்குப் பின்னால் மீனவர் குப்பம் ஒன்று இருந்தது. குப்பத்துக்காகப் பேசுகிற கடலாச்சி, சேதி கேட்டு மீன்கூடையோடு சபைக்கே வந்துவிட்டாள். "மகாராசா, ஐப்பசி கார்த்திகைப் புயல்ல எங்க புள்ளகுட்டிங்க உசுரோட இருக்கறதே அந்த மேட்டாலதான். அத எடுக்கறதுன்னா எங்களையும் சேத்து எடுத்துருங்க" என்றாள்.

"அவள் சொல்வது நியாயம், அரசே" என்றார் அமைச்சர்.

"மணலைப் பார்த்துப் பயப்படும் அமைச்சரை இன்றுதான் பார்க்கிறேன்" என்று சிரித்தார் தளவாய்.

ராஜாவும் சிரித்தார். பிறகு முகம் கடுத்தது. "பெருஞ்சாத்தரே, இன்னொரு வார்த்தை மறுத்துப் பேசினால் நீர் நாட்டைவிட்டே போகவேண்டியதுதான்."

அமைச்சர் கைகூப்பினார். "மறுக்கவில்லை, அரசே. தங்கள் பாட்டனார் போட்ட சட்டம் ஒன்று நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான்."

பாட்டனார் என்றதும் ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்தச் சட்டம்?"

"மாற்று ஆள் வந்து ஒரு காவல் முறை முழுக்க நின்று காட்டாமல், எந்தக் காவலனும் இடத்தைவிட்டு இறங்கக்கூடாது. இந்த மேடு தங்கள் முன்னோர் காலத்திலிருந்து கடலோரம் காவல் நிற்கிறது. மாற்றாகச் சுவர் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு மழைக்காலம் நின்று காட்டட்டும். பிறகு மேட்டை இறக்கிவிடலாம்."

"சரியான பேச்சு! சுவரை எங்கே நிறுத்தலாம்?"

"தளவாயின் மாளிகை வடகோடியில் கடலைப் பார்த்துத்தானே இருக்கிறது? அங்கே மட்டும் மேட்டை எடுத்துவிட்டுச் சுவர் வைக்கலாம். காவலை மாற்றச் சொன்னவர் அந்த முறை முடியும்வரை கூடவே இருக்கவேண்டும் என்பதும் அதே சட்டம்தான்."

சபை முழுக்கத் தளவாயையே பார்த்தது. "சந்தோஷமாக!" என்றார், மீசையை முறுக்கிக்கொண்டு.

வடகோடியில் மேடு போனது. தாழைகளும் வேரோடு போயின. கருங்கல் சுவர் ராஜாவின் பெயரோடு பளபளவென்று நின்றது. ஐப்பசி சாதாரண மழையோடு கழிந்தது. தளவாய் சபைக்கு வரும்போதெல்லாம் அமைச்சரைப் பார்த்து, "மூட்டை கட்டியாயிற்றா?" என்று கேட்பார். அமைச்சர் புன்னகைத்துவிட்டுப் போவார். ஆனால் வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. புயல் வராமல் போனால் மேடு போய்விடும், அடுத்த ஆண்டு குப்பமும் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

கார்த்திகையில் ஒரு நாள் காலையிலேயே வானம் கறுத்தது. காற்று ஊளையிட்டது. பனைமரம் உயரத்துக்கு அலை எழுந்து சுவரில் மோதியது. மோதித் திரும்பும்போதெல்லாம் சுவரின் அடிமண்ணை அரித்துக்கொண்டு போனது. உச்சிப்பொழுதுக்குள் சுவர் குப்புற விழுந்தது. மாளிகைக்குள் கடல் புகுந்தது. தளவாய் தலைப்பாகையை விட்டுவிட்டு ஓட்டமாக ஓடினார். நேராகக் குப்பத்துக்கு!

மாடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்த ராஜா விறுவிறுவென்று கீழே இறங்கினார். குப்பத்துக்கு என்ன ஆயிற்றோ என்று அமைச்சரைக் கூட்டிக்கொண்டு கொட்டும் மழையில் போனார். போய்ப் பார்த்தால், கடலாச்சி குடிசை குடிசையாகப் பெயர் சொல்லி ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குடிசையிலிருந்தும் பதில் வந்தது. ஒரு பிள்ளைக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று ராஜா அந்த ஈரமணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேட்டில் பாதியைக் காணோமே, அமைச்சரே?"

"கடல் கேட்டது, மேடு கொடுத்தது, அரசே. கடல் அமைதியானதும் அந்த மணலை அதுவே கொண்டுவந்து போடும். கொடியும் தாழையும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுவருக்குக் கொடுக்கவும் தெரியாது, வாங்கவும் தெரியாது."

ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்கத் தளவாய் பக்கம் திரும்பினார். "மாவலிராயரே, மாளிகையில் உம்முடைய மனைவி மக்கள் இருந்தார்களே! அவர்கள் எங்கே?"

தளவாய் மணலைப் பார்த்தார். கடலாச்சிதான் பதில் சொன்னாள். "எங்க வீட்லதான் இருக்காங்க, மகாராசா. மானம் கறுக்கறதுக்கு முன்னாடியே அய்யா சத்தமில்லாம அனுப்பி வச்சிட்டாரு. மேட்டுக்குப் பின்னால இருந்தாத்தான் பத்திரம்னு சொன்னாராம்."

ராஜா மழைச்சத்தத்தையும் மீறிச் சிரித்தார். "உம் வாய் சுவர் பக்கம், மனசு மேட்டுப் பக்கமா? சரி. வடகோடியில் நீர் வெட்டிய மேட்டை நீரே உம் கையால் மண் சுமந்து கட்டும். தாழையும் நடும். அது வேர் பிடிக்கும்வரை உமக்குப் படையும் இல்லை, சபையும் இல்லை!" என்றார். தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அமைச்சருக்குப் போர்த்தினார். பட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அமைச்சர் அதைப் பிழியாமலே கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தளவாய் தலைகுனிந்து நின்றார். கடலாச்சி ஆவி பறக்க ஒரு சட்டி கஞ்சியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல இதக் குடிங்க, அய்யா. மண்ணு சொமக்கத் தெம்பு வேணும்ல?"