பூஜ்யம் வாங்கிய ஊர்

கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிற ஆளா நீங்கள்? கொஞ்சம் நில்லுங்கள். இந்தப் புதிரில் நாலைந்து எண்கள்தான் வருகின்றன. அவற்றைப் பார்த்துப் படித்தவர்களே ஏமாந்தார்கள் என்பதால்தான் உங்களிடம் கொண்டுவருகிறேன்.

தென்கடலோரத்தில் ஒரு மாவட்டம். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று சோதிக்கும் வண்டி ஒன்று அங்கே வந்து சேர்ந்தது. ஒரே வண்டி. அது ஏதாவது ஓர் ஊரில் ஓர் ஆண்டு நிற்கும். பட்டியலில் மூன்று ஊர்கள் இருந்தன. சங்கரபேட்டை பெரிய ஆஸ்பத்திரி உள்ள நகரம். கள்ளிவிளை கடலை விட்டு நன்றாக உள்ளே தள்ளிய ஊர், மானாவாரி மிளகாயும் ஆடும்தான் பிழைப்பு. மூன்றாவது உப்பளமுனை. அங்கே ஆணும் பெண்ணும் விடிந்தால் உப்பளத்தில் நிற்பார்கள். முனைக்காரர்கள் பெரும்பாலும் பெண் எடுப்பது கள்ளிவிளையில். மூன்று ஊரிலும் ஏறத்தாழப் பத்தாயிரம் பெண்கள் வீதம் இருந்தார்கள், ஆகையால் தலைக்கணக்கில் சண்டை வேண்டாம்.

எந்த ஊரில் எத்தனை பேருக்கு நோய், அதில் எத்தனை முற்றிய பிறகு தெரியவந்தது என்று எழுதிவைப்பவள் எப்சிபா. ஐம்பது வயது, தனிக்கட்டை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் படிவங்களை நிரப்புவாள்: பெயர், முகவரி, கணவர் தொழில், நோயின் நிலை. பிறகு ஊருக்குள்ளும் போய் விசாரிப்பாள். 'அந்த நோய்க்காரி வாரா' என்று கதவைச் சாத்துவார்கள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் கிடையாது. பாவம், பேசுவதற்கு ஆளில்லாமல் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போதுதான் தன் குரலைத் தானே கேட்பாள்.

உப்பளமுனையில் ஒருத்தி மட்டும் அவளை உட்காரச் சொன்னாள். பெயர் சுயம்புகனி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மார்பில் சுண்டைக்காய் அளவு கட்டி இருப்பதைச் சொன்னாள்.

"நாளைக்கே வா, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் எப்சிபா.

"ஐயோ, வேண்டாம் யக்கா. இங்க ஒருத்தி படுத்துட்டா அம்மா வீட்டுக்கு அனுப்பிருவாவ. நல்லானா கூட்டிட்டு வருவாவ. எனக்கு அம்மா செத்து ஆறு வருசமாச்சு. தம்பி வீட்டை வித்துட்டுப் போயிட்டான். நான் எந்த வீட்டுக்குப் போவேன்? யார்ட்டயும் சொல்லிராதீங்க."

எப்சிபா வாக்குக் கொடுத்தாள். போகும்போதெல்லாம் கெஞ்சிப் பார்த்தாள். சுயம்புகனி அசையவில்லை. ஆறு மாதம் ஓடியது.

வண்டி யாருக்கு என்று தீர்மானிக்கச் சுகாதார அதிகாரி கோமதிநாயகம் கூட்டம் போட்டார். எப்சிபாவின் ஐந்தாண்டுக் கணக்கை வாசித்தார். சங்கரபேட்டையில் முப்பது பேருக்கு நோய், அதில் ஆறு பேருக்கு முற்றிய நிலை. கள்ளிவிளையில் இருபத்துநான்கு பேர், அதில் பதினெட்டு முற்றியது. உப்பளமுனையில் ஆரம்ப நிலையும் பூஜ்யம், முற்றிய நிலையும் பூஜ்யம்.

"முப்பது பேரு எங்க ஊர்லதான். வண்டி எங்களுக்குத்தான் வரணும்" என்றார் சங்கரபேட்டை கவுன்சிலர் அமீர்தீன்.

"அதுல இருபத்துநாலு பேருக்கு நேரத்துல தெரிஞ்சுபோச்சுல்லா? எங்க பிள்ளைகளுக்கு முத்தினப்புறம்தான தெரியுது" என்று கள்ளிவிளைத் தலைவி தங்கமாரி கண் கலங்கினார். அவர் சொன்னதில் பொய்யே இல்லை. அதிகாரியும் கள்ளிவிளை என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார்.

உப்பளமுனைக்காகப் பேச யாரும் வரவில்லை. எப்சிபாதான் எழுந்தாள். "வண்டி முனைக்குப் போகணும் சார்."

"நோயே இல்லாத ஊருக்கா? வெயில்ல அலைஞ்சு தலை சுத்துதாம்மா?" அதிகாரி சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு பெயரைச் சொன்னால் போதும், சிரிப்பு நின்றுவிடும். பெயர் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஊகமெல்லாம் வேண்டாம். இந்தப் படிவங்களுக்குள்ளயே ஆதாரம் இருந்தா காட்டுங்க" என்றார் அதிகாரி.

எப்சிபா கள்ளிவிளையின் பதினெட்டுப் படிவங்களையும் மேசைமேல் பரப்பினாள். அவற்றில் சிலவற்றைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டே போனாள். பன்னிரண்டாவது தடவை விரல் நின்றபோது அதிகாரி பேனாவை மூடினார்.

கேட்டவர்களே, இப்போது நீங்கள் சொல்லுங்கள். அவள் காட்டியது எதை? வண்டி எந்த ஊருக்குப் போவது நியாயம்?

விடை: கணவர் தொழிலைக் காட்டினாள். பன்னிரண்டு படிவங்களில் 'உப்பளக் கூலி' என்று இருந்தது. கள்ளிவிளையில் உப்பளம் ஏது? அத்தனை பேரும் முனைக்கு வாழ்க்கைப்பட்டு, அங்கே நோயை வளர்த்து, படுத்ததும் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். ஆஸ்பத்திரியில் தாய்வீட்டு முகவரியைச் சொல்ல, அதுவே ஏறிவிட்டது. திருத்தி எழுதினால் முற்றிய நிலையில் பேட்டைக்கு ஆறு, கள்ளிவிளைக்கு ஆறு, முனைக்குப் பன்னிரண்டு. வண்டி முனைக்குப் போனது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஏறி இறங்கியதால், தன்னை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று சுயம்புகனியும் ஏறினாள். அந்த ஊர் முகவரியோடு பதிவான முதல் பெயர் அவளுடையதுதான். ஆனால் நோய் முற்றியிருந்தது. புருஷன் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்ததோடு சரி. எப்சிபாதான் தினமும் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள், கடைசி வரை. புதிரை விடுவித்தவள் அவள். அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்: "ஆறு மாசம் நான் வாயைத் திறக்காம இருந்தேனே, அது சரியா?" கேட்டவர்களே, இதையும் நீங்களே சொல்லுங்கள்.