சபைக்குள் வந்த குடை

முன்பு ஒரு காலத்தில், ஐப்பசி மாதம், அடைமழை பிடித்த மூன்றாம் நாள் காலையில், ஒரு மன்னருக்குக் கடைவாய்ப் பல் வலித்தது.

கன்னம் பூசணிப் பிஞ்சு போல வீங்கிவிட்டது. கிராம்புத் தைலம் வைத்தார்கள், உப்பு ஒத்தடம் கொடுத்தார்கள். எதற்கும் கேட்கவில்லை.

"இன்று என்னை யாரும் சிரிக்க வைக்கக் கூடாது. சிரித்தால் உயிர் போகிறது" என்று சொல்லிவிட்டு மன்னர் சபையில் உட்கார்ந்தார்.

அவரைச் சிரிக்க வைப்பதற்கென்றே அரண்மனையில் வேலை பார்த்தவன் வீழிநாதன். அன்று அவன் வாயே திறக்கவில்லை. தூணோடு தூணாக நின்றான். ஆனால் வேடிக்கையாக எதுவும் சொல்லிவிடாமல் இருக்க அவன் பட்ட பாட்டில் முகம் கோணிப் போனது. அதை மன்னர் பார்த்துவிட்டார். சிரித்தார். அடுத்த கணம் அலறினார்.

"போ வெளியே! இன்றோடு உனக்கு இங்கே வேலை இல்லை!"

தலைமை அமைச்சர் மழவராயர் இதற்காகத்தான் பல ஆண்டுகளாகக் காத்திருந்தார். தாம் ஒரு நாழிகை பேசியதை மறந்துவிட்டு, வீழிநாதன் சொன்ன ஒற்றை வரியை மன்னர் நாள் முழுதும் சொல்லிச் சொல்லி மகிழ்வது அவருக்குப் பொறுக்காது.

"பெருமானே, அரண்மனை விரட்டியவனை ஊரில் ஒருவன் வேலைக்கு வைத்துக்கொண்டால், தங்கள் முடிவு தவறு என்று அவன் சொன்னது போல ஆகாதா?"

"ஆகும், ஆகும்" என்றார் மன்னர், கன்னத்தைப் பிடித்தபடி.

மாலையில் முரசு அறைந்தார்கள். ஆணையின் சொற்கள் மழவராயருடையவை. வீழிநாதனிடம் யாரும் எந்த வேலையும் சொல்லக் கூடாது. துரும்பை எடுத்துப் போடு என்றுகூடச் சொல்லக் கூடாது. சொன்னவர் எந்த நிலையில் இருப்பவராயினும் அந்த நிலையை அன்றே இழப்பார்.

வீழிநாதன் ஊரெல்லாம் அலைந்தான். செக்குக்காரர் அவனைப் பார்த்து, மாட்டை ஓட்டச் சொல்ல வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். தறிக்காரர் கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். யார்மேலும் அவனுக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

வீட்டில் மனைவி உமையாள் எட்டு மாத வயிற்றோடு இருந்தாள்.

"பக்கத்து நாட்டுக்குப் போயிடலாமா?" என்றாள்.

"இந்த மழையிலயா? உன்னை எந்த வண்டியில ஏத்துவேன்? வழியில ஒண்ணு ஆச்சுன்னா?"

"அப்ப இங்கயே இருந்து என்ன செய்யிறது?"

மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால், வாசலில் ஒரு முறம் அரிசி இருந்தது. அடுத்த நாள் ஒரு பூசணிக்காய். வைத்தவர்கள் கதவைத் தட்டவும் இல்லை. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் வீழிநாதன் தெருவுக்கே ஒரு கும்பிடு போட்டான். சோற்றைப் பிசையும்போதெல்லாம் கணக்குப் போட்டான். ஊர் தன் வாயைக் கட்டி எத்தனை நாள் ஊட்டும்?

அரண்மனை வாசலுக்கு எதிரே பேச்சாயி ஆப்பக் கடை வைத்திருந்தாள். அவன் அந்தப் பக்கம் போனபோது இலையை எடுத்துப் போட்டாள்.

"வேலைன்னு ஒண்ணும் சொல்லலை ஐயா. சாப்பிடுங்கன்னுதான் சொல்றேன். சாப்பிடுறது வேலையா?"

"இல்லைதான். ஆனாலும் பயமா இல்லையா தாயே?"

"பயம்தான். தண்ணி மொண்டு குடிங்கன்னுகூடச் சொல்லாம நானே மொண்டு வைக்கிறேன் பாருங்க. என் வாயை நான் கட்டிக்குவேன். அதோ பல்லக்குல வர்றாரே அமைச்சரு, அவரால முடியுமா? எதிர்ல நிக்கிறவனுக்கு ஏதாவது ஒரு உத்தரவு போடலேன்னா அவருக்குக் கால் தரையில பாவாது."

வீழிநாதன் வாயருகே கொண்டு போன ஆப்பத்தை அப்படியே வைத்திருந்தான். பிறகு நிதானமாக மென்று விழுங்கினான்.

மறுநாளிலிருந்து, மழவராயர் பல்லக்கு வந்து இறங்கும் இடத்தில் கைகட்டி நின்றான். மழவராயர் அவனைப் பார்த்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு போனார். அதற்கடுத்த நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. பல்லக்கிலிருந்து மழவராயர் இறங்கவும், குடைக்காரன் சேற்றில் சறுக்கி விழவும் சரியாக இருந்தது. புதுப் பட்டு நனையத் தொடங்கியது.

"அடேய், மரம் மாதிரி நிற்கிறாயே! குடையைப் பிடி!" என்று பக்கத்தில் நின்றவனைப் பார்த்துக் கத்தினார், யார் என்று பாராமலே.

வீழிநாதன் பாய்ந்து குடையை எடுத்து அவர் தலைக்கு மேல் பிடித்தான்.

"பெரிய உபகாரம் ஐயா. ஊரே கைவிரித்தபோது தாங்கள்தான் எனக்கு வேலை கொடுத்தீர்கள்."

அப்போதுதான் மழவராயர் அவன் முகத்தைப் பார்த்தார். வியர்த்துவிட்டது. குடையை விடு என்று சொன்னால் அது இரண்டாவது வேலை. பிடுங்கப் பார்த்தார், வீழிநாதன் காம்பை விடவில்லை. வேகமாக நடந்தார், குடையும் வேகமாக வந்தது. வாயிற்காவலன் ஈட்டியை நீட்டித் தடுக்கப் போனான். நில் என்று சொல்ல வாயைத் திறந்தான். தன் வேலையை நினைத்து மூடிக்கொண்டான்.

அந்த நாட்டில் மன்னர் இருக்கும் இடத்தில் வேறு யார் தலைக்கும் மேலே குடை இருக்கக் கூடாது. இருந்தால் அது துரோகம். மழவராயர் சபைக்குள் நுழைந்தார். தலைக்கு மேல் குடை விரிந்திருந்தது. மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மழவராயரே! என்ன இது?"

"பெருமானே, இவன்... நான்... குடை..."

மன்னருக்குப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. குரல் பழையபடி கணீரென்று வந்தது.

"அடேய் வீழிநாதா! குடையை இறக்கு!"

வீழிநாதன் உடனே இறக்கினான். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"நன்றி, மன்னா! ஒரே நாளில் இரண்டு வேலை. முதல் வேலையை அமைச்சர் சொன்னார். இரண்டாவதைத் தாங்களே சொன்னீர்கள்."

ஆணையில் 'எந்த நிலையில் இருப்பவராயினும்' என்று இருந்தது எல்லோருக்கும் நினைவு வந்தது. மன்னர் தம் அரியணையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"அப்படியானால் இனி இதில் யார் உட்காருவது? நீயே சொல்."

"மூன்றாவது வேலை, மன்னா."

மன்னர் சிரித்தார். பழக்கத்தில் கை கன்னத்துக்குப் போனது. வலிக்கவில்லை. அது தெரிந்ததும் இன்னும் சிரித்தார். அரியணையின் கைப்பிடியை அடித்து அடித்துச் சிரித்தார்.

"ஆணை திரும்பப் பெறப்பட்டது. நானும் இங்கேயே இருந்துகொள்கிறேன். மழவராயரை என்ன செய்யலாம்?"

"விட்டுவிடுங்கள் பெருமானே. அவர் குடையைக் கொடுத்திருக்காவிட்டால் நான் வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன். அவருக்கும் நான் கடமைப்பட்டவன்."

மழவராயர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன் பழைய வேலைக்கு வந்துவிடு" என்றார் மன்னர்.

"வேண்டாம் மன்னா. தங்களுக்கு இன்னும் நிறையப் பற்கள் இருக்கின்றன."

மறுபடி சிரிப்பு. அடங்க நேரமாயிற்று.

"சரி, வேறு வேலை தருகிறேன். இனி எந்த ஆணையும் முரசுக்குப் போகுமுன் உன்னிடம் வரும். அதில் யார் யார் மாட்டிக்கொள்வார்கள் என்று பார்த்துச் சொல். நான் மாட்டினாலும் சொல்."

உமையாளுக்கு அரண்மனை மருத்துவச்சியை அனுப்பினார். ஒரு வண்டி நெல்லும் கொடுத்தார். வண்டியை வீழிநாதன் நேரே தன் வீட்டுக்கு விடவில்லை. முன்னால் நடந்து, தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு மரக்கால் அளந்து போட்டான். அரிசி வைத்தது யார் என்று கேட்கவில்லை. எல்லா வாசலிலும் வைத்தான்.

கடைசியாக ஆப்பக் கடைக்கு வந்தான். பேச்சாயிக்கு முன்னால் கையைக் குவித்தபடி நின்றான். ஆணை நீங்கிய செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. அவள் வானத்தைப் பார்த்தாள். தூறல் தொடங்கியது.

"கும்பிடெல்லாம் இருக்கட்டும் ஐயா. இப்ப சொல்லலாமில்ல? அந்த விறகு நனையுது, கொஞ்சம் எடுத்து உள்ளே போடுறீங்களா?"